பதினொரு சட்டை

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் தடுக்கி விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அளவுக்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி மழைக்கு முதல் நாளே வந்துவிடுகிறது, இனி வீட்டுக்கு வானிலை அறிக்கை தேவையில்லை என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள். என் காது பழையபடிதான், வலது பக்கமாக நின்று பேசினால் கேட்கும். மாடிப்படியின் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்ததே, தச்சரைக் கூப்பிட்டு இறுக்கியாயிற்று. மாப்பிள்ளை போன வாரம் போனில் பேசியபோது, சின்னவள் பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியில் சேரக் கேட்டதையும், நீ கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டதையும் சொன்னார். இவ காலேஜ்ல கேப்டனா இருந்தவதானே மாமா, பிள்ளை கேட்டா சந்தோஷப்படணும், இவ என்னமோ பாம்பைப் பார்த்த மாதிரி பார்க்கிறாளே என்று கேட்டார். நீ அவரிடம் சொல்லாத ஒன்றை நான் சொல்வது முறையா என்று தெரியாமல், காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இந்தச் செவிடு சில சமயம் எனக்கு ரொம்ப உபகாரம் செய்கிறது.

நீ ஊகித்திருப்பாய், இந்தக் கடிதம் நீங்கள் பம்பரம் என்று கூப்பிட்ட உன் அணித் தோழியைப் பற்றியது. தயவுசெய்து மடித்து வைத்துவிடாதே. பல நாள் யோசித்து, நான்கு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாவதாக எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் பெண்கள் கால்பந்து அணி தொடங்கியதிலிருந்து இன்றுவரையான வரலாற்றை ஒரு புத்தகமாகப் போடுகிறார்கள், எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. நீ அப்போது சரி என்று மட்டும் சொன்னாய். வரலாற்றுத் துறையில் முப்பது வருடம் பாடம் நடத்தியவன், அணித்தலைவியின் அப்பா வேறு, அதனால் கொடுத்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதெல்லாம் இல்லை, நீங்க யாரையும் எதிர்த்துப் பேசமாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும், அதான் கொடுத்தாங்க என்றாள் உன் அம்மா. அவள் சொன்னதுதான் சரி என்று இப்போது தெரிகிறது. ஐந்து அத்தியாயம் முடித்துக் கொடுத்துவிட்டேன். ஆறாவது அத்தியாயம் நீ தலைவியாக இருந்த வருடம், பம்பரம் நம்மை விட்டுப் போன வருடம். அதை இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அதில் உன் வாய்வார்த்தைகள் இரண்டு இருக்கின்றன. அவை அச்சில் வரலாமா கூடாதா என்பதை உன்னைக் கேட்காமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். எப்படி இந்த இடத்துக்கு வந்தேன் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

அணியைத் தொடங்கியவர்களில் ஒருவர் இப்போது பல் டாக்டர். நேரம் கேட்டுப் போனேன். சும்மா உட்கார்ந்து பேச எனக்கு நேரமில்லை சார், அந்த நாற்காலியில சாய்ஞ்சு வாயைத் திறங்க, நான் வேலையைப் பார்த்துக்கிட்டே சொல்றேன், நீங்க குறுக்கே பேசவும் முடியாது பாருங்க என்றார். அப்படித்தான் ஒரு பல்லும் அடைபட்டது, இரண்டாம் அத்தியாயமும் கிடைத்தது. விடுதிச் சலவை அறைச் சுவரில் இவரும் இன்னொரு பெண்ணும் சாயங்காலமெல்லாம் பந்தை உதைத்துக்கொண்டே இருப்பார்களாம். அந்தத் தொம் தொம் சத்தம் தாங்காமல் விடுதிக் காப்பாளர் புகார் எழுதிக் கொடுக்க, எங்கேயாவது தொலைந்து போய் ஆடுங்கள் என்று மைதானத்தில் மத்தியான வேளையை ஒதுக்கினார்களாம், ஆண்கள் யாரும் வெயிலில் ஆட விரும்பாத வேளை. வேண்டிக் கேட்டு வந்த அணி இல்லை, தொல்லை ஒழிய வேண்டும் என்று அனுப்பப்பட்ட அணி. பிறகு முதல் போட்டிக்குச் சட்டை கேட்டுப் போயிருக்கிறார்கள். அப்போதைய விளையாட்டு அதிகாரி, ஒரு டீமுக்கு எத்தனை பேரும்மா, பதினொண்ணு, அப்போ பதினொரு சட்டை, கணக்கு சரியாப் போச்சு என்று ஆண்கள் கழித்துப் போட்ட சட்டைகளில் பதினொன்றை எண்ணிக் கொடுத்துவிட்டார். மாற்று ஆட்டக்காரர்களுக்கு? அவங்க சும்மாதானே உட்காரப் போறாங்க என்றாராம். அதனால்தான் அந்த வழக்கம் வந்தது. உனக்குத் தெரியாததா, ஆனாலும் புத்தகத்தில் எப்படி எழுதினேன் என்று நீ அறிய வேண்டும். ஒருத்தி வெளியே வந்தால் கோட்டோரம் இரண்டு பேர் ஒரு போர்வையைத் திரையாகப் பிடிப்பார்கள். அதற்குள் அவள் தன் சட்டையைக் கழற்றி, அந்த ஈரத்தோடு உள்ளே போகிறவளுக்கு மாட்டிவிடுவாள். எதிரணியும் கூட்டமும் கேலி செய்யுமாம். கேலியைத் தாங்க இவர்கள் அதைப் பெருமையாக மாற்றிக்கொண்டார்கள். சட்டையைச் சும்மா கொடுக்கக் கூடாது, கால் நகராத வரைக்கும் ஓடிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இடையில் வந்துவிட்டால், ஐயோ கழட்டிட்டாடி, இவ கழட்டிட்டா என்று விடுதிக்குத் திரும்புகிறவரை பாட்டாகவே பாடுவார்களாம். டாக்டர் அம்மா கால்விரல் முறிந்த நிலையில் பாதி ஆட்டம் ஆடியிருக்கிறார். அந்த விரல் இன்னைக்கும் குளிர்ல வலிக்கும் சார், ஆனா சட்டையைக் கழட்டலையே என்று சொல்லிச் சிரித்தார். வாயில் பஞ்சு இருந்ததால் என்னால் சிரிக்க முடியவில்லை, கண்ணால் சிரித்தேன்.

அந்தச் சிரிப்போடுதான் இரண்டாம் அத்தியாயத்தை எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே நன்றாக வந்தது அதுதான் என்று எனக்கே ஒரு பெருமை. பல்கலைக்கழகப் பதிவாளர் படித்துவிட்டு மேசையைத் தட்டினார். சார், படிக்கப் படிக்க மெய்சிலிர்க்குது, இதை வெளியீட்டு விழா மேடையில ஒரு மாணவியை விட்டு வாசிக்கச் சொல்றேன், பதினொரு சட்டைங்கிறதையே புத்தகத்துக்குத் தலைப்பா வச்சிடலாம் என்றார். நான் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொல்லி இரண்டாவது காபி வாங்கிக் குடித்தேன். மூன்று, நான்கு, ஐந்து அத்தியாயங்களும் அதே வேகத்தில் ஓடின. தோற்ற ஆட்டங்கள், பிறகு ஜெயித்த ஆட்டங்கள், மத்தியான வேளையிலிருந்து காலை வேளைக்கு மாறிய கதை. எல்லாவற்றிலும் அந்தப் போர்வையும் ஈரச் சட்டையும் வந்துகொண்டே இருந்தன. ஆறாவதற்கு வந்தபோதுதான் நின்றுவிட்டேன்.

நீ அந்த நாளைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அன்பு என்று நினைத்தோமா, பயந்தோமா என்று எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியவில்லை. அதனால் உங்கள் கோல்கீப்பரைத் தேடிப் போனேன், பூட்டு என்று கூப்பிடுவீர்களே, அவளை. இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும், அப்பா நீங்களா, வாங்க, அவ நல்லாயிருக்காளா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாளே, திமிர் பிடிச்சவ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவருக்கு இருமல் மருந்து, ஒருவருக்குத் தைலம் என்று எடுத்துக் கொடுத்தபடியே இடையிடையே சொன்னாள். அது மிக நல்லதாகப் போயிற்று, நேரே முகத்தைப் பார்த்து அவளாலும் சொல்லியிருக்க முடியாது, என்னாலும் கேட்டிருக்க முடியாது. அந்தப் பருவம் முழுவதும் உங்களுக்குப் பயிற்சியாளரே இல்லை என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீயே தலைவி, நீயே பயிற்சியாளர். இறுதிப் போட்டி அன்று ஆண்கள் அணியும் வேறிடத்தில் ஆடியதால் உடற்கல்வி இயக்குநர் அவர்களோடு போய்விட்டார். உங்களோடு வந்தது விடுதி அலுவலகத்து அம்மா, பந்து உருண்டையாக இருக்கும் என்பதற்குமேல் ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர். பம்பரம் எம்பித் தலையால் அடிக்கப் போனபோது எதிரணிப் பெண்ணின் தலையில் மோதி விழுந்தாள். எழுந்தாள். நீ ஓடிப் போய், வெளியே போறியா என்று கேட்டிருக்கிறாய். அவள், இறுதிப் போட்டியில சட்டையைக் கழட்டச் சொல்றியா, போடீ என்றாள். நீ சிரித்துவிட்டு, அப்போ ஓடு என்று முதுகில் தட்டினாய். கொஞ்ச நேரம் கழித்து, கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே எறிய வேண்டிய பந்தை அவள் எதிரணிக்காரிக்கே எறிந்தாள். எல்லோரும் கத்தினார்கள், திட்டினார்கள், அவளுக்குத் திசை தெரியவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு கோட்டோரம் போய் வாந்தி எடுத்தாள். அப்போதுதான் போர்வையைப் பிடித்தார்கள். அவள் சட்டையை இன்னொருத்தி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கடைசியில் நீங்கள் ஜெயித்தீர்கள். பம்பரம் அந்தப் போர்வையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் உன் மடியில் தலை வைத்துப் படுத்தாள். பெண்கள் பாடிக்கொண்டும் தகரத்தைத் தட்டிக்கொண்டும் வந்தார்கள். நீ எல்லோரையும் அதட்டி, அவளைத் தூங்க விடுங்கடி என்று பஸ்ஸையே அமைதியாக்கினாய். ஊர் வந்து சேர்ந்து எழுப்பியபோது அவள் எழவில்லை. இதைச் சொல்லி முடித்தபோது ஒரு பெரியவர் வந்து பூட்டிடம் தலைவலி மாத்திரை கேட்டார். அவள் கையில் எடுத்த அட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, எப்ப இருந்து வலிக்குது, எங்கேயாவது இடிச்சுக்கிட்டீங்களா, வாந்தி வருதா என்று விசாரணை போட ஆரம்பித்துவிட்டாள். அவர் பயந்துபோய் மாத்திரையே வேண்டாமென்று போய்விட்டார். எல்லார்கிட்டயும் கேட்கிறேன் அப்பா, வியாபாரம் கெட்டுப்போகுது என்றாள்.

இதை எல்லாம் எழுதிக்கொண்டு பதிவாளரிடம் போனேன். காகிதங்களை அவர் மேசையில் வைத்தேன். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். படித்துவிட்டு முதல் பக்கத்துக்கே திரும்பிப் பேனாவைத் திறந்தார். பயிற்சியாளர் பதவி காலியா இருந்துச்சுன்னு போடாதீங்க சார், நியமனம் பரிசீலனையில் இருந்துச்சுன்னு போடுங்க என்றார் முதலில். பிறகு, எதிர்பாராத உடல்நலக் குறைவால் ஒரு மாணவி மறைந்தார் என்று ஒரு வரி போதும், அஞ்சலி மாதிரி கட்டம் கட்டிப் போட்டுவிடலாம் என்றார். உடல்நலக் குறைவு இல்லையே என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்கு அவர், அப்படின்னா காரணத்தோட போடுங்க, அணித்தலைவியின் முடிவால் ஆட்டத்தில் தொடர்ந்தார்னு போடுங்க, ஒண்ணு யார் மேலயாவது இருக்கணும், இல்லேன்னா யார் மேலயும் இருக்கக் கூடாது, அந்தரத்துல விடாதீங்க என்றார். சட்டைப் பற்றாக்குறையால் வந்த வழக்கம்தானே அவளை நிறுத்தி வைத்தது என்று நான் ஆரம்பித்தபோது அவர் ஒன்று சொன்னார். அந்த வருடம் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பதினாறு புதுச் சட்டை கொடுத்திருந்தது. ஆளுக்கு ஒன்று. சட்டை இருந்துச்சு சார், அவங்கதான் போட்டுக்கலை என்றார். நான் நம்பவில்லை. பூட்டிடம் திரும்பப் போய்க் கேட்டேன். ஆமாம் அப்பா, பஸ்ஸுக்குள்ள அட்டைப் பெட்டியில உறையைக்கூடப் பிரிக்காம இருந்துச்சு, கை மாத்திக் கை மாத்திப் போட்ட சட்டையை விட்டுட்டு அதை யார் போடுவாங்கன்னு நாங்களேதான் வேண்டாம்னோம் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் பூங்காவில் உட்கார்ந்துவிட்டேன். நான் மெய்சிலிர்க்க எழுதிய இரண்டாம் அத்தியாயம்தான் ஆறாம் அத்தியாயத்தில் அந்தப் பெண்ணைக் கொன்றிருக்கிறது. வேறு வழியில்லாமல் ஒரு கெட்டதைச் சகித்துக்கொண்டவர்கள், அதைச் சகித்ததையே பெருமையாக ஆக்கி அடுத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதற்கடுத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். சட்டை வந்து சேர்ந்தபோது பெருமை மட்டும் மிஞ்சி நின்றது. படித்த நானே மயங்கித்தானே எழுதினேன், மேடையில் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனே, இருபது வயதுப் பெண்கள் என்ன செய்வார்கள். இப்படி எழுதினால் உன்னைக் காப்பாற்ற அப்பா வாதாடுகிறான் என்று ஆகிவிடுமோ என்ற சந்தேகமும் வந்தது. வாதாடவில்லை. அப்போ ஓடு என்று நீ சொன்னது சொன்னதுதான். தூங்க விடுங்கடி என்றதும் சொன்னதுதான். இரண்டையும் அப்படியே எழுதியிருக்கிறேன். பதினொரு சட்டை எண்ணிக் கொடுத்தவரையும், காலியாகக் கிடந்த பயிற்சியாளர் நாற்காலியையும், பிரிக்காத பெட்டியையும் அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். இரண்டாம் அத்தியாயத்தையும் திருத்திவிட்டேன், இப்போது அது யாருக்கும் மெய்சிலிர்க்காது.

உன்னிடம் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொருவர் இருக்கிறார் என்று தோன்றிற்று, பம்பரத்தின் அம்மா. பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு கடையின் பின்னறையில் வேலை. வாசலில் மூன்று தடவை நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். யார் என்று சொன்னதும், கேப்டனோட அப்பாவா என்றார், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே வாசித்தேன். தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது, நானும் அதற்கு மேலே குரலை எழுப்பி வாசித்தேன். பதினொரு சட்டை என்ற இடம் வந்ததும், எத்தனை வேணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா ராவோட ராவா நான் தைச்சுக் கொடுத்திருப்பேனே ஐயா, இதுக்கா என் பொண்ணு போனா என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்தப் பொய்யான ஆறுதலாவது அவருக்கு இருந்திருக்கும். ஆனால் மீதியை மறைத்துவிட்டால் நான் பதிவாளர் சொன்ன ஒற்றை வரியைத்தான் எழுதியவன் ஆவேன் என்று தோன்றிற்று. புதுச் சட்டை பஸ்ஸிலேயே இருந்தது அம்மா என்று சொன்னேன். மிஷின் நின்றது. பிறகு அவர் காலை அழுத்த, கீழே துணி இல்லாமல் வெறும் ஊசி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, போடீன்னு சொன்னாளே, அப்ப என் பொண்ணு சிரிச்சாளா. சிரித்தாள் என்று பூட்டு சொன்னதைச் சொன்னேன். அப்போ அதையும் எழுதுங்க என்றார். எழுதியிருக்கிறேன்.

வெளியே கிளம்பும்போது திரும்பக் கூப்பிட்டார். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன், அழகுபடுத்த எனக்கு உரிமை இல்லை. உங்க பொண்ணை ஒரு தடவை வந்து என் எதிர்ல உட்காரச் சொல்லுங்க, திட்டணும், இத்தனை வருஷமா எனக்குத் திட்ட ஆள் இல்லை, போனவளைத் திட்ட மனசு வரல, ஆபீஸ்ல போய்க் கேட்டா அந்த நாற்காலியில ஒவ்வொரு தடவையும் வேற ஆள் உட்கார்ந்திருக்கான், எனக்கு ஒண்ணும் தெரியாதும்மாங்கிறான், காகிதத்தைத் திட்ட முடியுமா, அவ வரணும், நான் திட்டணும், அவ கேட்டுக்கணும், பதில் பேசக் கூடாது, அப்புறம் வேணும்னா சாப்பிட்டுட்டுப் போகட்டும் என்றார். நான் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் உன் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினாள், கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். நீ சரி என்றால் ஆறாம் அத்தியாயத்தை இப்படியே கொடுப்பேன். அவர்கள் அதைக் கிழித்துப் போடலாம், வேறு யாரையாவது வைத்து அந்த ஒற்றை வரியைக் கட்டம் கட்டிப் போடலாம், அதற்கு ஆள் தயாராகவே இருக்கிறார் என்று கேள்வி. நீ வேண்டாம் என்றால் முழுப் பிரதியையும் திரும்ப வாங்கிக்கொள்வேன், ஐந்து அத்தியாயமும் சேர்த்து. எப்படியானாலும் உடல்நலக் குறைவு என்ற வரிக்கு மேல் என் பெயர் வராது. எதிர்த்துப் பேச எனக்கு வராது என்பது உண்மைதான், ஆனால் கையெழுத்துப் போடாமல் இருக்க அவ்வளவு தைரியம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். பார்ப்போம், பதிவாளர் அறைக்குள் போனால்தான் தெரியும்.

புத்தகத்தை விடு. இத்தனை வருடத்தில் நீ இரண்டு தடவைதான் வீட்டுக்கு வந்தாய், இரண்டு தடவையும் பூட்டின் கடை இருக்கும் பேருந்து நிலையப் பக்கமே போகவில்லை. உன்னை யாரும் குற்றம் சொல்லவில்லை என்று உனக்கு ஆறுதல் எழுத நான் முதல் நான்கு தடவையும் முயன்றேன், அது பொய், அதனால்தான் கிழித்தேன். ஒருவர் சொல்கிறார். அவர் தெருக்கோடியில் ஒரு பின்னறையில் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். எங்களைப் பார்க்க வர மனமில்லாவிட்டாலும் அவரிடம் திட்டு வாங்கவாவது வா. நான் கடை வாசல்வரை கூட வருவேன், உள்ளே வரமாட்டேன்.

சின்னவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நீயும் மாப்பிள்ளையும் கலந்து முடிவு செய்யுங்கள், ஆனால் அவரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு முடிவு செய். குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்பதை மறந்துவிடாதே, போனில் சொன்னால் என் வலது காதுக்குச் சொல். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். அம்மா உன் அறையைப் பெருக்கி, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள், நான் சொல்லவில்லை, அவளாகவே.

என்றும் உன் நலம் கோரும்,
அப்பா